இல்லறச் சிந்தனை: இடறும் நாவும் எள்ளும் நகைப்பும்



பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய சிற்றூர்ப் பங்கில் கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்திற்காகப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தோம். சூசையப்பர் வேடத்திற்கு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தெரிந்தெடுத்தோம். ஒத்திகையில் அவன், "நான் தூதை" என்றான். பிள்ளைகள் கொல்லெனச் சிரித்தனர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நாமும் சிரித்தோம். மறுநாளே அவ்வேடத்தை வேறொருவனுக்கு அளித்து, அவனைப் பேச்சில்லாத இடையனாக்கினோம்.

சில வாரங்களுக்குப்பின் அவன் தாயார் வந்தார். "சாமி, பையன் இப்போ வீட்டிலேயும் வாயைத் திறக்கிறதில்லை. எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுறான்" என்றார். நமக்குச் சுருக்கென்றது.

அவன் குறைதான் என்ன? 'பாசம்' என்னும் சொல்லில் வரும் சகர ஒலிக்கு, நாக்கு மேற்பற்களின் பின்னே நின்று, நடுவில் ஒரு சிறு பள்ளம் அமைத்துக் காற்றைச் சீறவிட வேண்டும். நாநுனி பற்களுக்கிடையே நீண்டுவிட்டால் அவ்வொலி தகரமாகிறது. 'பச்சை' என்பதைச் செம்மையாய்ச் சொல்லும் பிள்ளையும் 'பாச'த்தில் இடறக்கூடும். மழலைப் பருவத்தில் இஃது இயல்பே. முன்பற்கள் விழும் ஆறேழு வயதிலும் சில காலம் தோன்றி மறைவதுண்டு. ஆனால் காற்று நாவின் பக்கங்களில் ஒழுகி ஈர ஒலியாய் வருமாயின், அது பெரும்பாலும் தானாக மறைவதில்லை.

இதற்காகத் தாய்மார் சிலர் வசம்பை நாவில் தேய்ப்பர். வேறு சிலர் பிள்ளையைச் சோம்பேறி என ஏசுவர். இரண்டும் நாவிற்கு அதன் இடத்தைக் கற்பிக்கமாட்டா. ஐந்து வயதைக் கடந்தும் குறை நீடித்தால் முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். சகரம் மிக உயர்ந்த சுருதியுடைய ஒலி. அது செவியில் தெளிவாக விழாத பிள்ளை அதனை எவ்வாறு உரைக்கும்? அடுத்து, பேச்சுப் பயிற்சியாளரை நாடுதல் நன்று. இத்தகையோரைப் பயிற்றுவிக்கவே 1965-ஆம் ஆண்டில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனம் தொடங்கப்பெற்றது. அவர்கள் ஒலியின் வேறுபாட்டை முதலில் கேட்கப் பழக்குவர். பின் பாம்பின் சீற்றம்போல் தனி ஒலி, அதன்பின் அசை, சொல், வாக்கியம் எனப் படிப்படியாய் ஏற்றுவர்.

விவிலியத்திலும் இவ்வொலியைச் சார்ந்த துயர நிகழ்ச்சி ஒன்றுண்டு. யோர்தான் துறைகளைக் காத்து நின்ற கிலயாதியர், தப்பியோடி வந்த எப்ராயிமியரை இனங்காண, 'ஷிபோலெத்' எனச் சொல்லப் பணித்தனர். அவர்களோ தம் வழக்கப்படி 'சிபோலெத்' என்றனர். சொன்னவர்கள் அங்கேயே வெட்டுண்டனர். அக்காலத்தில் மடிந்த எப்ராயிமியர் 42,000 பேர் என்கிறது நீதித் தலைவர்கள் நூல் (12:6). ஒருவன் சொல்வதைக் கேளாமல், சொல்லும் ஒலியை மட்டும் கேட்கும் செவி எத்துணைக் கொடியது! ஒத்திகை மேடையில் நம் செவியும் அத்தகையதாகவே இருந்தது.

ஆதலின் பெற்றோரே, விருந்தினர் முன்னிலையில், "எங்கே, சூசை என்று சொல் பார்ப்போம்" எனப் பிள்ளையைச் சோதிக்காதீர்கள். அவன் பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். அவன் சொல்ல வந்த செய்திக்கு மறுமொழி கூறுங்கள். அம்மறுமொழியில் அதே சொல்லை நீங்கள் தெளிவாய் உரையுங்கள். பயிற்சிக்கென நாள்தோறும் சிறிது நேரம் தனியே ஒதுக்குங்கள். அண்ணன் தங்கையர் அவனைப்போல் பேசிக்காட்டுவதை முளையிலேயே தடுங்கள்.

அச்சிறுவனை நகர மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் சென்றோம். சில திங்களில் சகரம் தெளிந்தது. ஆயினும் அடுத்த ஆண்டு நாம் வேடம் தர முன்வந்தபோது, "வேண்டாம் சாமி" என்று மிகத் தெளிவாகவே சொன்னான். நா திருந்தச் சில திங்கள் போதுமாயிருந்தது. நம் சிரிப்பு விளைத்த காயம் ஆற அது போதவில்லை.