போட்டிக்குச் செல்லும் கதையும் அதன் புறக்கோலமும்

சிறுகதைப் போட்டி என்றதும் நம் மாணவர் நெஞ்சில் பரிசுத் தொகை தோன்றும். ஆசிரியர் நெஞ்சில் கல்லூரியின் பெயர் தோன்றும். பெரியோர் சிலர் நெஞ்சில், ‘பாடத்தைக் கெடுக்கும் வேலையாயிற்றே’ என்னும் கவலை தோன்றும். இம்மூன்றையும் விடுத்து, கதை எழுதப்படும் தாளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். அற்பப் பொருள் எனப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அந்த அற்பப் பொருளால் நம் துறையிலிருந்து சென்ற நல்ல கதை ஒன்று, நடுவர் கண்ணிலேயே படாமல் ஒதுங்கிக் கிடந்தது.

எழுதியவர் இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவி. திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்றங்கரையை அடுத்த சிற்றூரினர். பெற்றோர் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோர். அந்தத் தொழிலைத்தான் அவர் கதையாக்கியிருந்தார். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீயிட்ட பிறகு மூட்டத்தை விட்டு அகல முடியாது. மண்பூச்சு எங்கேனும் வெடித்துக் காற்று உட்புகுந்தால், கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். தாய் இரவு முழுதும் புகையின் நிறம் பார்த்து அமர்ந்திருக்கிறாள். மகளுக்கு மறுநாள் தேர்வு. விடியற்காலையில் பூச்சில் ஒரு வெடிப்பு. தாய் கண்ணயர்ந்திருக்கிறாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டு ஈரமண் அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். இவ்வளவே கதை. கண்ணீர் இல்லை, அறிவுரை இல்லை. வகுப்பில் உரத்துப் படித்தபோது பின்வரிசை மாணவரும் பேச்சை நிறுத்தினர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் கதைகளைப் படித்து வரும் எனக்கு, அன்று திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

போட்டி ஒன்றின் அறிவிப்பு வந்தது. கதை அனுப்பப்பட்டது. முடிவு வெளிவந்தபோது அவர் பெயர் இல்லை. தோல்வி இயல்பே என்று தேற்றினேன். ஆயினும் மனம் கேளாமல் போட்டி நடத்தியோரிடம் வினவினேன். ‘விதிகளுக்கு உட்படாமையால் நடுவர் பார்வைக்கு வைக்கப்படவில்லை’ என்று பணிவாகவே விடை வந்தது. மாணவியிடம் இருந்த நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவர் பெயர், வகுப்பு, பதிவெண், கல்லூரியின் பெயர். தாளின் இருபுறமும் எழுத்து. 1500 சொற்கள் என்னும் எல்லைக்கு 2000 சொற்களுக்கு மேல். கடைசிப் பக்கத்தில், ஊக்கமளித்த ஆசிரியர்க்கு நன்றி என்று என் பெயர் வேறு! தேர்வுத்தாள் எழுதும் வழக்கத்தையே அவர் கதைக்கும் கையாண்டிருந்தார். வேறு வழக்கம் உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் சொல்லித் தந்தோம். உள்ளுறையும் இறைச்சியும் வேறுபடுத்திக் காட்டினோம். ஒரு கதையை உறையிலிட்டு அனுப்பும் முறையைச் சொல்லித் தந்தோமில்லை. இப்பழி துறையினுடையது. அதில் என் பங்கு பெரிது.

ஏனெனில் இதே பிழையை நானும் மாணவனாயிருந்த காலத்தில் செய்திருக்கிறேன். தபால் செலவு மிச்சமாகட்டும் என்று மெல்லிய தாளில் இருபுறமும் நுணுக்கி எழுதி அனுப்பினேன். அத்தா கடைக் கணக்குக்கு வைத்திருந்த தாள் அது. பின்பக்க மை முன்பக்கம் தெரியும். திரும்பப் பெறுவதற்கு அஞ்சல் தலை ஒட்டிய உறையும் வைக்கவில்லை. கதை எங்கே போயிற்று என்று இன்றுவரை அறியேன். நல்ல கதை அன்று என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நல்லதன்று என்பதையாவது யாரேனும் படித்துச் சொல்லியிருக்கலாம்.

விதிகளைக் காரணம் தெரியாமல் கைக்கொள்வோர் விரைவில் கைவிடுவர். ஆதலின் காரணங்களைக் கூறுகிறேன். ‘தாளின் ஒருபுறம் மட்டும் எழுதுக’ என்னும் விதி அச்சுக்கோக்கும் காலத்தில் வேரூன்றியது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த நாளில், ஒரே கதையின் தாள்களை இரண்டு மூன்று தொழிலாளர்களுக்குப் பிரித்துத் தருவர். இருபுறமும் எழுதிய தாளைப் பிரிக்க இயலாது. இடப்பக்கம் விடும் வெற்றிடமும் வரிகளுக்கிடையே விடும் இடைவெளியும் ஆசிரியர் குழுவினர் திருத்தம் எழுதுவதற்காக. அச்சுக்கோப்போர் மறைந்த பின்னும் விதி மறையாமைக்குக் காரணம் உண்டு: நடுவரும் தாள் புரட்டுபவரே, நூற்றுக்கணக்கான கதைகளைப் படிப்பவர், பெரும்பாலும் கண்ணாடி அணிந்தவர். பக்க எண் இடாத கதை அவர் கையினின்று நழுவினால், ஐந்தாம் பக்கத்தில் இறந்தவன் மூன்றாம் பக்கத்தில் எழுந்து நடப்பான்.

எல்லா விதிகளிலும் நமக்கு உயிரானது, கதைத்தாளில் பெயர் கூடாது என்பது. பெயர், முகவரி, தொலைபேசி எண், ‘இது என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறெங்கும் வெளிவரவில்லை’ என்னும் உறுதிமொழி ஆகிய யாவும் தனித்தாளில் அமைய வேண்டும். போட்டியாளர் அத்தாளைக் கழற்றி வைத்துக்கொண்டு, எண் மட்டும் இட்ட கதையை நடுவருக்குத் தருவர். இதனால் எழுதியவர் ஆணா பெண்ணா, எந்தச் சமயத்தவர், எந்தச் சாதியினர், சென்னையா செவல்காடா என்பது நடுவருக்குத் தெரியாது. பெயரால் முன்வரிசை பெறுவோர்க்கு இவ்விதி இடையூறாகலாம். நம் மாணவர்க்கு இது அரண். அந்த மாணவி தம் பெயரைப் பக்கந்தோறும் எழுதியது பெருமையால் அன்று, அறியாமையால். ஆனால் தமக்கென எழுப்பப்பட்ட மதிலைத் தாமே இடித்துவிட்டார்.

போட்டி என்பது வறண்ட நிலத்தார்க்கு எத்தகைய வாயில் என்பதற்கு வத்தலக்குண்டில் பிறந்த பி.எஸ். ராமையா நல்ல சான்று. 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் அறிவித்த சிறுகதைப் போட்டிக்கு அவர் ‘மலரும் மணமும்’ என்னும் கதையை எழுதினார். கிடைத்தது ஆறுதல் பரிசுதான். சில ஆண்டுகளில், மணிக்கொடி சிறுகதை இதழாக மாறியபோது அதன் ஆசிரியர் அவரே. 1982ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதும் அவர்க்குக் கிட்டியது. பிற்காலத்தில் அனுராதா ரமணனின் ‘சிறை’யும் ஆனந்த விகடன் போட்டியில் பரிசு பெற்று, 1984இல் திரைப்படமும் ஆயிற்று. முதற்பரிசு பெறாவிடினும் வாயில் திறக்கலாம் என்பதால் ராமையாவின் செய்தியையே நான் வகுப்பில் மிகுதியும் சொல்வதுண்டு.

‘உள்ளத்தில் ஊறும் கலைக்கு ஓரம் விடு, இடம் விடு என்று அளவுகோல் வைப்பதா?’ என்று கவிதை எழுதும் நண்பர் ஒருவர் என்னிடம் சினந்தார். அவர்க்கு எட்டயபுரத்து உமறுப்புலவரை நினைவூட்டினேன். சீறாப்புராணம் பாடுதற்குரிய செய்திகளைப் பெறச் சதக்கத்துல்லா அப்பா அவர்களை உமறு நாடியபோது, அவருடைய உடைக்கோலம் கண்டு அப்பா முதலில் மறுத்தார் என்றும், பின்னர்க் கனவில் உணர்த்தப்பட்டு இசைந்தார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அகத்தின் செல்வத்தைப் புறக்கோலம் மறைத்த கதை அது. அப்பா அவர்கள் கனவு கண்டார்கள். நம் போட்டி நடுவர்க்கு அத்தகைய கனவு வரும் என்று எதிர்பார்த்துத் தாளை அனுப்புதல் தகுமா? கோலத்தைச் சற்றே திருத்திக்கொண்டால் உமறுவின் பாட்டில் ஒரு சீரும் குறைந்துவிடாதே. நண்பர் சிரித்தாரேயன்றி உடன்படவில்லை.

சொல்லெல்லை பற்றி ஒன்று கூற வேண்டும்; இங்கே தமிழுக்கே உரிய சிக்கல் உள்ளது. ‘வந்துகொண்டிருந்தாள்’ என்று சேர்த்து எழுதினால் கணினி ஒரு சொல்லாக எண்ணும். ‘வந்து கொண்டு இருந்தாள்’ என்று பிரித்தால் மூன்றாக எண்ணும். இதைக் கண்டுகொண்ட மாணவர் ஒருவர், கதையைச் சுருக்காமல் சொற்களையெல்லாம் ஒட்டவைத்து 1500க்குள் அடக்கிக் காட்டினார்! அறிவுக்கூர்மையைப் பாராட்டினேன், கதையைத் திருப்பித் தந்தேன். பொருள் தெளிவுக்கேற்ப இயல்பாகப் பிரித்தெழுதிவிட்டு, எல்லைக்கு நூறு சொல் குறைவாக நிறுத்துவதே நேர்மை. கரிமூட்டக் கதையில் குறைக்க இடமுண்டா என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் திருச்சுழியின் சிறப்பைச் சொல்லும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பூமிநாதர் கோயில், இரமணர் 1879இல் பிறந்த செய்தி எல்லாம் வந்தன. ஊர்ப்பற்று நன்றே; மூட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை என்று முன்னே எழுதினேன். எல்லை வகுத்தவர் எனக்கும் பாடம் கற்பித்துவிட்டார்.

இப்போது பல போட்டிகள் மின்னஞ்சலிலேயே கதைகளைப் பெறுகின்றன. இங்குத் தாளின் இடத்தை எழுத்துரு பிடித்துக்கொண்டது. நம் ஊர்களில் திருமணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்தால், அவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவதுண்டு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் குறியுமாய்ச் சிதறித் தோன்றும். ஒருங்குறியே எங்கும் படிக்கத்தக்கது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்று ஆணையிட்டது. கைப்பேசியில் தட்டும் தமிழ் ஒருங்குறிதான் என்பதை மாணவர் பலர் அறியார். கைப்பேசியிலேயே முழுக்கதையையும் அடித்து அனுப்பலாம். கோப்புக்குத் தம் பெயரையே இட்டு அனுப்பும் பிழை மட்டும் வேண்டா. கதைத் தலைப்பை இடுக. செயலியைக் கேட்டு எழுதி வாங்கிய கதைக்குச் ‘சொந்தப் படைப்பு’ என்று கையொப்பமிடுவது பொய்ச்சான்று என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

போட்டி நடத்துவோர்க்கும் சொல்ல ஒன்றுண்டு. மின்னஞ்சல் மட்டுமே என்று கதவடைத்தால், மூட்டத்துப் பிள்ளைகள் பலர் வெளியே நிற்பர். அஞ்சலுக்கும் இடம் வையுங்கள். பக்க எண் விடுபட்டது போன்ற சிறு பிழைக்கு ஒருமுறை திருத்த வாய்ப்பளித்தால் போட்டியின் மதிப்புக் குறையாது. ‘அனுப்பப்படும் எல்லாக் கதைகளின் உரிமையும் எங்களுக்கே’ என்னும் வரியோ எனக்கு அறவே உடன்பாடன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துவழி ஒப்படைத்தாலன்றி உரிமை கைம்மாறாது. ஒப்படைப்பில் காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும் உரிமையை, பரிசும் பெறாத கதைக்காக ஒரு மாணவர் எழுதிக் கொடுப்பது பேதைமை. அத்தகைய வரி உள்ள போட்டிக்கு நம் மாணவரை நான் அனுப்புவதில்லை. நுழைவுக் கட்டணம் கேட்பவற்றுக்கும் அவ்வாறே.

ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம், “பேராசிரியர் தம்பி, பிள்ளைகளைக் கதை கட்டச் சொல்லிக் கொடுக்கிறீர்களாமே?” என்று கேட்டார். “ஆமாம் பாய். கூடவே, சொன்ன நாளில், சொன்ன அளவில், சொன்ன முறையில் ஒரு காகிதத்தை அனுப்பவும் சொல்லிக் கொடுக்கிறேன். நாளைக்கு வேலைக்கு மனுப் போட அது உதவும்” என்றேன். சற்று யோசித்து, தம் பேரனையும் அனுப்புவதாகச் சொன்னார். விடை கொஞ்சம் தந்திரமானதுதான். கதைக்காகவே கதை எழுதலாம் என்று அவரிடம் வாதிட வேறொரு நாள் வேண்டும்.

துறையில் இனிப் புதன்கிழமை பிற்பகல்தோறும் கணினி அறை திறந்திருக்கும். போட்டிக்கு அனுப்ப விரும்புவோர் அறிவிப்பின் நகலுடன் வருக. அறிவிப்பை முழுதும் படிக்காமல் வருவோரைத் திருப்பி அனுப்புவேன்.

கரிமூட்டக் கதையை இம்மலரில் தேடுவோர்க்கு ஒரு சொல். மலர்க்குழுவினர் அதனைக் கேட்டனர்; மாணவியும் தர இசைந்தார்; நான்தான் தடுத்தேன். 1970இல் தொடங்கப்பெற்ற இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வெளிவந்த கதைகளிலிருந்தே மாதந்தோறும் சிறந்ததைத் தேர்ந்தது. போட்டிகளின் வழக்கம் இதற்கு மாறானது: எங்கேனும் வெளிவந்த கதை தகுதி இழக்கும். முகநூலில் இட்டாலும் வெளியீடே. கல்லூரி மலரில் வந்தாலும் வெளியீடே. ஆதலின் அக்கதை இங்கே இல்லை. திருச்சுழிச் சிறப்புரைத்த ஒன்றரைப் பக்கம் நீங்கி, ஒருபுறம் மட்டும் எழுதிய பதினொரு தாள்களாய், பெயரின்றி, என் மேசை இழுப்பறையில் அடுத்த அறிவிப்பை நோக்கிக் காத்திருக்கிறது.