சங்கிலிக்குச் சோதனை, தலைக்கு நம்பிக்கையா?

மதுரை தெற்காவணி மூல வீதியில் உள்ள நகைக் கடைகளில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ மேலூர்ப் பக்கத்திலிருந்தோ இரண்டு பவுன் சங்கிலி வாங்க வருகிற ஒரு தாயானவள், எழுதப் படிக்கத் தெரியாதவளாய் இருந்தாலுங்கூட, "ஹால்மார்க் இருக்கா?" என்று கேளாமல் பணத்தை அவிழ்ப்பதில்லை. கடைக்காரர் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தாலும் ஒப்புக்கொள்ளுவதில்லை. அந்த அம்மாளுக்கு யாரும் தர்க்க சாஸ்திரம் கற்றுக் கொடுக்கவில்லை. விற்கிறவனுடைய வாய்ச்சொல் வேறு, விற்பனையில் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் சோதித்துப் பார்த்துச் சொல்லுகிற சொல் வேறு என்பது அந்த அம்மாளின் அநுபவ ஞானம். செம்பு கலந்த நகையை வாங்கி, அடகுக் கடையில் உண்மை தெரிந்து அழுததனால் வந்த ஞானம்.

நிற்க, அதே அம்மாளின் மகன் என்ன செய்கிறான்? ஊருக்குத் திரும்புகிற வழியில், சாலை ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஹெல்மெட்டுகளிடம் வண்டியை நிறுத்துகிறான். அங்கே நடக்கும் பேச்சை நாமே காதாரக் கேட்டோம்.

"எவ்வளவுப்பா?"

"300 ரூவாண்ணே."

"தாங்குமா?"

"லாரியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாதுண்ணே. ஐ.எஸ்.ஐ. ஒட்டியிருக்கு பாருங்க."

"தாங்குனா என்ன, தாங்காட்டி என்ன? போலீசு பிடிக்காம இருந்தாச் சரி."

இவ்வளவுதான் வியாபாரம். தாயின் கழுத்துக்குப் போகிற சங்கிலிக்கு ஒரு சோதனை. மகனுடைய தலைக்குப் போகிற கவசத்திற்கு ஒரு சோதனையும் இல்லை. சங்கிலி போலியானால் பணம் போகும், மறுபடியும் சம்பாதிக்கலாம். கவசம் போலியானால் போவது எது? அதை எந்தக் கடையில் மறுபடியும் வாங்குவது?

தலைக்கவசத்தினால் பிரயோஜனம் உண்டா என்பதே சிலருடைய சந்தேகம். இதற்கு வாதம் வேண்டியதில்லை, கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1935ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் லாரன்ஸ் என்கிற பேர்போன ராணுவ வீரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். அவர் தலையில் கவசமில்லை. அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் "விதி" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிற ராணுவத்தாரின் விபத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து, கவசம் போட்டவர்களுக்கு ஏற்பட்ட மண்டைக் காயம் இலேசானதாயிருக்கக் கண்டு 1941இல் எழுதி வெளியிட்டார். அறிவு வேலை செய்கிற விதம் இதுதான்.

ஆனால் தலையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டால் கவசமாகிவிடுமா? உயிரைக் காப்பாற்றுவது வெளியில் பளபளக்கிற ஓடு மாத்திரமல்ல; உள்ளே இருக்கிற தெர்மாகோல் போன்ற கெட்டி அடுக்குமாகும். அடி விழும்போது அந்த அடுக்குத் தான் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு மூளையைக் காப்பாற்றுகிறது. (ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடியும் போடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.) சாலை ஓரத்துச் சரக்கில் இந்த அடுக்குக்குப் பதிலாக மெல்லிய பஞ்சையும் துணியையும் வைத்துத் தைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? தட்டிப் பார்த்தாலும் தெரியாது, கண்ணாடிக்கு முன் நின்று போட்டுப் பார்த்தாலும் தெரியாது. கத்தரிக்காயில் புழு இருந்தால் வீட்டில் அரியும்போது தெரியும். கவசத்தில் உள்ள மோசம் தலை தரையில் மோதுகிற அன்றுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

ஆகவேதான், வாங்குகிறவன் சோதிக்க முடியாத சாமானை, செய்கிறவனும் விற்கிறவனும் அல்லாத வேறொருவன் சோதிக்கவேண்டும் என்கிறோம். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையல்ல. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மின்சார விளக்கு புதிதாக வந்து, எங்கே தீப்பிடிக்குமோ என்று எல்லோரும் பயந்த காலத்தில், 1894இல் மெரில் என்பவர் மின்சாரச் சாமான்களைச் சோதிக்கும் சாலை ஒன்று ஏற்படுத்தினார். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். ஏன் கொடுத்தார்கள்? தர்ம சிந்தனையினால் அல்ல. வீடு எரிந்தால் பணம் கட்டவேண்டியவர்கள் அவர்கள். ஆதலால் உண்மை தெரியவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. பொய்யினால் லாபமடைகிறவனைக் கேட்காமல், பொய்யினால் நஷ்டமடைகிறவனைச் சோதிக்கச் சொல்லுவதே இந்த முறையின் உயிர்.

நமது நாட்டிலும் 1947இல் ஐ.எஸ்.ஐ. என்கிற தர நிறுவனம் ஏற்பட்டு, 1986ஆம் வருஷச் சட்டப்படி அது இந்திய தர நிர்ணய அமைவனமாக மாறியது. பெயர் மாறினாலும் பழைய ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் சாமான்களில் நிற்கிறது. அதன் ஆட்கள் தொழிற்சாலையைப் பார்வையிட்டு, சரக்கைச் சோதனைச் சாலையில் சோதித்து, சரியாயிருந்தால் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். தலைக்கவசத்திற்கு 4151 என்ற எண்ணுள்ள விதி இருக்கிறது. அந்த விதிப்படி கவசத்தை வெப்பத்திலும் குளிரிலும் ஈரத்திலும் வைத்தெடுத்து மோதிப் பார்க்கிறார்கள். தாடை வாரை இழுத்துப் பார்க்கிறார்கள். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரையில்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைச் செய்வதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் முத்திரையைப் பார்த்து வாங்கிவிட்டால் போதுமா என்றால், போதாது. காகிதத்தில் அச்சடித்து ஒட்டுகிற முத்திரைக்கு எவ்வளவு செலவு பிடிக்கும்? நெற்றியில் பூசினவனெல்லாம் யோக்கியன் என்று நம்புவதற்கும், முத்திரை ஒட்டினதெல்லாம் கவசம் என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம்? 2025ஆம் வருஷத்தில் சர்க்காரே வெளியிட்ட செய்திப்படி, டில்லியில் 9 உற்பத்திக்காரர்களிடமிருந்து 2,500க்கு மேற்பட்ட கவசங்கள் பறிமுதலாயின. அந்த 9 பேருடைய லைசென்ஸும் காலாவதியானது அல்லது ரத்து செய்யப்பட்டது! ஆகையால் முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணைப் பார்க்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், யாருக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் உயிரோடிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கையில் போன் வைத்திருக்கிற பேரன் ஒருவன் இல்லாத கிராமம் இன்று ஏது?

"சோதிக்கிறவனுக்கும் செய்கிறவன்தானே கட்டணம் கட்டுகிறான், அவன் மாத்திரம் யோக்கியனா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சோதனையே வேண்டாம் என்பதல்ல, சோதிக்கிறவனையும் சோதிக்கவேண்டும் என்பதே. தொழிற்சாலைக்காரன் எடுத்துக் கொடுக்கிற சரக்கை மாத்திரம் சோதித்தால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று வீட்டை மெழுகி வைத்த கதையாகத்தான் முடியும். கடைத்தெருவில் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிச் சோதிக்கவேண்டும். எந்தக் கம்பெனிச் சரக்குத் தேறவில்லை என்பதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி வெளியிடவேண்டும்.

"முத்திரையுள்ளது விலை அதிகம், ஏழை என்ன செய்வான்?" என்பது அடுத்த கேள்வி. இதில்தான் நமக்குக் கோபம் வருகிறது. 2015 ஜூலை முதல் ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2022 அக்டோபர் முதல் போடாதவனுக்கு 1,000 ரூபாய் அபராதம். போடாத ஏழையைப் பிடிக்கச் சாலையில் ஆள் இருக்கிறது. பத்தடி தள்ளி, போட்டும் பயன்படாததை விற்கிறவனைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் இது யாருடைய நியாயம்? 300 ரூபாயைக் கொடுத்து அபராதத்துக்குத் தப்பித்தோம் என்று நினைக்கிறவனைச் சட்டமும் ஏமாற்றுகிறது, வியாபாரியும் ஏமாற்றுகிறான். அபராதப் பணத்தில் ஒரு பங்கையாவது எடுத்து, சோதித்த கவசத்தை ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தால் என்ன குடி முழுகிப்போகும்?

கடைசியாக ஒன்று. புது வண்டி வாங்கினவுடன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, ஐயருக்குத் தட்சணை கொடுப்பதில் நமது ஜனங்கள் தாராளமாகவே செலவு செய்கிறார்கள். அந்த எலுமிச்சம்பழத்தை எந்தச் சோதனைச் சாலையும் சோதித்ததில்லை. அந்தச் செலவைக் கவசத்தோடு சேர்த்துப் போட்டால் விலை கட்டாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துகிறபோது, நகைக் கடையில் உங்கள் தாயார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "யார் சோதித்தது? எண் எங்கே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவனிடம் வாங்காதீர்கள். நம்முடைய வீட்டுப் பெண்களுக்குப் பொன் விஷயத்தில் இருக்கிற புத்தி, நமக்கு மண்டை விஷயத்திலாவது வரவேண்டாமா?