சுவர் தெரியாத ரயில்

இரண்டு மலைகளுக்கு நடுவே உயரமான பாலம். கீழே அதலபாதாளம். பாலத்தின் மேல் ஒரு நீராவி இன்ஜின் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. படத்தை முதல்முறை பார்ப்பவர்கள் "இது எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள்.

ஊரெல்லாம் இல்லை. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மான்டரே நகரில் ஒரு வீடு. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டரும் மரக்குச்சியும் பெயின்ட்டும் கொண்டு எழுப்பிய மலை அது. இன்ஜினை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

அதைச் செய்தவர் ஜான் ஆலன். 1913-ல் பிறந்தவர். தொழில்முறைப் புகைப்படக்காரர். 1950-களில் அந்த வீட்டுக்கு வந்தவர், மீதி ஆயுளை அந்தக் கீழ்த்தள ரயிலுக்கே எழுதிவைத்தார் என்று சொல்லலாம். ரயில்வேக்கு அவர் வைத்த பெயர் 'கோர் அண்ட் டாஃபெடிட்'. வாய்விட்டு வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று காதில் விழும். இப்படியொரு பெயரை வைத்துவிட்டு இருபது வருடம் சிரத்தையாக உழைக்க ஒரு தனி மனசு வேண்டும்.

அவருடைய ரயிலை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 'மாடல் ரயில்ரோடர்' போன்ற பத்திரிகைகளில் வந்த படங்கள் வழியாகப் பார்த்தவர்கள்தான் ஏராளம். அந்தப் படங்களில் சுவர் தெரியாது, கூரை விளக்கு தெரியாது, மேஜை விளிம்பு தெரியாது. எதைக் காட்டுவது என்பதைவிட எதை வெளியே தள்ளுவது என்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

நவராத்திரி கொலுவில் பார்க் கட்டி, சுற்றிலும் பொம்மை ரயில் ஓடவிட்டுப் படமெடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். நேரில் அவ்வளவு அழகாக இருந்தது, போனில் பார்த்தால் ஏதோ தரையில் கொட்டிக் கிடக்கிற மாதிரி தெரிகிறது. பொம்மையின் மேல் தப்பில்லை. போன் இருந்த உயரம்தான் தப்பு.

ஒரு சின்னக் கணக்கு. உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஆலனின் ரயிலும் இதே அளவுதான். ஆறடி ஆள் இதில் 21 மில்லிமீட்டர் நிற்பார். அவருடைய கண், தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். நாமோ நின்றுகொண்டு, லேஅவுட்டுக்கு ஒரு முழம் மேலே போனைப் பிடித்து எடுக்கிறோம். அந்த உலகத்துக்கு அது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி! அங்கிருந்து பார்த்தால் நிஜ எழும்பூர் ஸ்டேஷனே பொம்மை போலத்தான் தெரியும்.

ஆகவே முதல் வேலை, போனைத் தலைகீழாகத் திருப்புவது. போனில் லென்ஸ் இருப்பது மேல் ஓரத்தில். தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்து தண்டவாளத்தை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். பிளாட்பாரத்தில் நிற்கிற பொம்மைப் பயணியின் கண்மட்டம் கிடைத்துவிடும். படத்தை நிமிர்த்துவதை போனே பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் படம் சரியாகிவிடுகிறது. பின்னால் வானம் தீட்டிய அட்டை இருந்தால், அதில் வரைந்த தொடுவானமும் லென்ஸ் உயரத்தில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

அடுத்தது ஃபோகஸ். கண்ணுக்கு எதிரே நிஜ ரயில் வந்து நின்றால், இன்ஜினும் தெளிவாகத் தெரியும், பின்னால் இருக்கிற மலையும் தெளிவாகத் தெரியும். பொம்மையை நெருங்கி எடுத்தால் இன்ஜின் மூக்கு மட்டும் தெளிவாகி, மூன்றாவது பெட்டி மங்கிவிடும். இந்த மங்கலைப் பார்த்ததும் மூளை 'சின்னப் பொருள்' என்று முடிவு கட்டிவிடுகிறது. இதையே திருப்பிப்போட்டு, நிஜ நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கி, நகரத்தையே பொம்மையாகக் காட்டுகிற வித்தையும் இருக்கிறது. ஆலன் காலத்தில் இதற்கு மருந்து, லென்ஸின் துவாரத்தை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி, வெகுநேரம் ஒளியை உள்ளே விடுவது. இப்போது ஒரே இடத்தில் போனை அசையாமல் வைத்து, ஃபோகஸை மட்டும் மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். தள்ளி நின்றால் மங்கல் குறையும். தயவுசெய்து போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். கல்யாண வீட்டில் அத்தையைப் படமெடுக்க அது சரி. ரயிலுக்கு அது எமன்.

வெட்டுவது என்றதும் பலர் செய்வது, ரயில் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நாலு பக்கமும் சமமாக இடம் விடுவதுதான். ஆல்பத்தில் ஒட்டுகிற பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. அதில் ரயில் எவ்வளவு குட்டை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று நிஜத்தில் இருபத்தோரு மீட்டருக்கு மேல் நீளம். ஹெச்.ஓ. அளவில் சுமார் இருபத்தைந்து சென்டிமீட்டர். 22 பெட்டிகள் கொண்ட எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால் ஐந்தரை மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது? ஐந்தாறு பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த ஐந்தாவது பெட்டியைப் படத்தில் காட்டாமல் இருந்தால் போதும். இன்ஜினுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு, வாலை மட்டும் ஃப்ரேமுக்கு வெளியேயோ மலைத் திருப்பத்துக்குப் பின்னாலோ போகவிட்டால், மீதிப் பதினேழு பெட்டிகளைப் பார்ப்பவரே கோத்துக்கொள்வார். இன்ஜின் மூக்கை ஒட்டி வெட்டினால்தான் கெடுதல். சுவரில் முட்டப்போகிற ரயில் மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் நிஜமாகவே அங்கே சுவர்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

வளைவிலும் இதே கதை. ஆரம்ப செட்டுகளில் வருகிற வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் பொதுவாகப் பதினெட்டு அங்குலம். அதை 87-ஆல் பெருக்கினால் நாற்பது மீட்டர்தான் வருகிறது. நம் அகலப் பாதையில் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அப்படிப்பட்ட கொண்டை ஊசி வளைவில் நீளமான பெட்டியை ஓட்டினால், மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால் இந்தக் குட்டு உடைந்துவிடும். உள்பக்கத்திலிருந்து, தாழ்வாக, வளைவில் ஒரு துண்டு மட்டும் தெரிகிற மாதிரி வெட்டினால், பெட்டிகள் ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காக வளைந்து போவதாகத் தெரியும்.

சில குற்றங்களை மட்டும் வெட்டி மறைக்க முடியாது. அறையில் மூன்று விளக்கு எரிந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று நிழல். ஆனால் வானத்தில் சூரியன் ஒன்றுதான். மலையின் நிழல் பின்னாலிருக்கிற வானத்து மேல் விழுந்தாலும் அவ்வளவுதான், வானம் அட்டையாகிவிடும். தேவையில்லாத விளக்கை அணைப்பதைத் தவிர வழியில்லை. வெட்டிப் பெரிதாக்கும்போது தூசியும் கூடவே பெரிதாகும். ஒரு மில்லிமீட்டர் தூசி அந்த உலகத்தில் ஒன்பது சென்டிமீட்டர் கல். படம் எடுக்கும் முன் ஒரு பழைய மேக்கப் பிரஷ்ஷால் தட்டிவிடுவது, பிறகு போனில் அரைமணி நேரம் அழிப்பதைவிட மேல்.

எவ்வளவு வெட்டலாம்? அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் மிஞ்சுவது கால் பங்குப் பிக்ஸல். 12 மெகாபிக்ஸல் படம் 3 ஆகிவிடும். ஸ்டேட்டஸுக்கு அது தாராளம். பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டேட்டஸ் என்றதும் இன்னொன்று: ரயில் படுத்துக் கிடக்கிற பொருள். அதை நெட்டுக்குத்தான செவ்வகத்தில் திணித்தால் இன்ஜின் முகமும் நிறைய வானமும்தான் மிஞ்சும். ஆலனின் லேஅவுட் இதற்கு விதிவிலக்கு. அவர் மலைகளைத் தரையிலிருந்து கூரைவரை கட்டினார். தண்டவாளத்துக்குக் கீழேயும் பள்ளத்தாக்கு இருந்ததால் நெட்டுக்குத்தாகவும் படம் நிறைந்தது. அங்கங்கே கண்ணாடி பதித்து, இருக்கிற ஊரை இரண்டு மடங்காகவும் காட்டினார். ஆனால் கண்ணாடி இருக்கும் இடத்தில் கேமராவைக் கொஞ்சம் தப்பாக வைத்தாலும் எடுப்பவரின் முகமே மலைக்கு நடுவில் வந்து நிற்கும். எந்தக் கோணத்தில் வைத்தால் கண்ணாடி கண்ணாடியாகத் தெரியாது என்பதைக் கட்டும்போதே யோசித்தவர் அவர். போட்டோவை மனதில் வைத்து மலை கட்டிய மனிதர் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு நம்பவைத்துவிட்டு ஒரு குறும்பும் செய்தார். அவருடைய ரயில்வேயில் எம்மா என்று ஒரு ஸ்டெகோசாரஸ் இருந்தது. ஷண்டிங் இன்ஜினுக்குப் பதிலாகப் பெட்டிகளை இழுக்கிற டைனோசர்! சுவரைக் காட்டாமல் அத்தனை பாடுபட்டவர், இதை மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளவில்லை.

1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பால் இறந்தார். வயது 59. பத்து நாள் கழித்து அந்த வீட்டில் தீப்பிடித்தது. மலைகள், பாலங்கள், ஊர்கள், இருபது வருட உழைப்பு, பெரும்பகுதி கருகிப்போனது. இன்று அந்த ரயில்வேயைப் பார்க்க வேண்டுமென்றால் படங்கள்தான் கதி. 'மாடல் ரயில்ரோடர்' ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் அவற்றைத் தொகுத்து எழுதிய புத்தகம் 1981-ல் வெளிவந்தது. அதைப் பார்ப்பதற்குள் வெஸ்ட்காட்டும் காலமாகிவிட்டார்.

அந்த ரயில்வேயை இப்போது தேடுகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? மலையும் பாலமும் மட்டும் தெரிகிற, ஊர் எது என்று ஏமாற்றுகிற படங்களை ரசிக்கிறார்கள். ஆனால் வெகுநேரம் உற்றுப் பார்ப்பது வேறு படங்களை. மலைக்குப் பக்கத்தில் மனிதர்கள் நிற்கிற படங்கள், அறை தெரிகிற படங்கள். எந்த ஊருக்கு எதிரே எந்தப் பாலம் இருந்தது, ஆள் எங்கே நின்று ரயிலை ஓட்டினார், கூரை எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. பத்திரிகைக்குக் கொடுப்பதானால் ஆலனே ஓரத்தை வெட்டித் தள்ளியிருக்கக்கூடிய படங்கள் அவை.

வீட்டுக் கொலு ரயிலுக்கும் இது பொருந்தும். தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைக்க நீண்ட பாட்டியின் கை ஓரத்தில் விழுந்திருக்கும். ஸ்டேட்டஸில் போட அது இடைஞ்சல்தான், வெட்டிவிடலாம். வெட்டிய பிறகு 'சேவ் காப்பி' என்று இருந்தால் அதை அழுத்தினால் போதும், முழுப்படம் தனியாகத் தங்கிவிடும். சில போன்களில் 'ரிவர்ட்' கொடுத்தால் வெட்டியது திரும்ப வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அங்கேயே வெட்டினால் கேலரியில் இருக்கிற படத்துக்கு ஒன்றும் ஆகாது. இடம் போதவில்லை என்று மெமரியைக் காலி செய்கிற நாளில், ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதே என்று பெரிய படத்தை அழித்துவிடாமல் இருந்தால் சரி.