ஐஎஸ்ஓ-வைக் கூட்டப் பயப்பட வேண்டாம்!

"ஐஎஸ்ஓ 400-க்கு மேலே போகாதீர்கள், படம் புள்ளி புள்ளியாக வரும்." டிஜிட்டல் கேமரா வாங்கும் எல்லோருக்கும் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கிறது. சின்ன சென்சார் கொண்ட பழைய காம்பாக்ட் கேமராக்களுக்கு அது சரி. இன்றைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

செஞ்சிக் கோட்டையையே எடுத்துக் கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். ராஜகிரி படிகளில் வெயில் கொளுத்தும்போது ஐஎஸ்ஓ 100 தாராளம். அடிவாரத்துத் தானியக் களஞ்சியத்துக்குள் நுழைந்தால் வெளிச்சம் மிகக் குறைவு. ஃபிளாஷ் அடித்தால் முகம் வெளுக்கும், பின்னணி கறுத்துவிடும். தொல்லியல் துறையின் இடம் என்பதால் அனுமதி இல்லாமல் டிரைபாடும் வைக்க முடியாது.

இப்போது கணக்குப் போடுவோம். எஃப்4 அபெர்ச்சரில், ஐஎஸ்ஓ 400-ல் 1/8 வினாடி தேவை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ இரண்டு மடங்கானால் ஷட்டர் நேரம் பாதியாகும். எனவே 1600-ல் 1/30, 3200-ல் 1/60, 6400-ல் 1/125. இமேஜ் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரே நிற்கும் குழந்தை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நாய்ஸைக் குறைக்க நல்ல மென்பொருள்கள் உள்ளன. ஆடிப்போன முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்களோ பெரும்பாலும் ஊகித்துத்தான் வரைகின்றன. ஐஎஸ்ஓ 400-லேயே இருட்டாக எடுத்துக் கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினாலும் அதே நாய்ஸ் வந்து நிற்கும். காரணம், குறையாக இருப்பது ஒளி.

இன்னொன்று, நாம் படத்தை 100% ஜூம் செய்து பார்த்துவிட்டுக் கவலைப்படுகிறோம். 4x6 பிரிண்டுக்கு 1800x1200 பிக்ஸல், அதாவது சுமார் 2 மெகாபிக்ஸல் போதும். 24 மெகாபிக்ஸல் படம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது 11 பிக்ஸல்கள் ஒன்றாகி, நாய்ஸ் பெருமளவு அமுங்கிவிடும்.

எல்லாக் கேமராவுக்கும் ஒரே எண் கிடையாது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ. பழைய காம்பாக்ட் கேமராக்கள் பலவற்றில் அது 25 சதுர மி.மீ. தான். ஆகவே உங்கள் வரம்பை நீங்களே கண்டுபிடியுங்கள். இரவில் வீட்டுக்குள் ஒரே காட்சியை 400 முதல் 12800 வரை எடுத்து, 4x6 பிரிண்ட் போடுங்கள். பின்புறம் எண்ணை எழுதிவிட்டு வீட்டாரிடம் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் எண்ணுக்கு முந்தையதுதான் உங்கள் வரம்பு. அதை ஆட்டோ ஐஎஸ்ஓ-வின் அதிகபட்சமாகவும், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 ஆகவும் செட் செய்துவிடுங்கள். என் ஏபிஎஸ்-சி கேமராவில் 6400 வைத்திருக்கிறேன்.

உயர் ஐஎஸ்ஓ-வில் நிறமும் நிழல் விவரமும் குறையும் என்பது உண்மை. கல்தூணை மட்டும் எடுப்பதானால் கேமராவைப் பையின் மேல் வைத்து, 2 வினாடி டைமரில் ஐஎஸ்ஓ 100-லேயே எடுங்கள். தூண் அசையாது.

மனிதர்கள் அப்படி இல்லை. கோட்டையை அடுத்த வருடமும் படம் எடுக்கலாம். உடன் வந்த தாத்தா அடுத்த வருடமும் படியேறுவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவர் முகம் தெளிவாக விழுந்தால், நாலு புள்ளி இருந்தால்தான் என்ன?