பேசாத கொலு

அரசன் அவையிலே வீற்றிருக்கும் கோலத்தைக் கொலு என்பது வழக்கு. நவராத்திரியின் 9 இரவுகளிலும் அம்பிகை நம் இல்லத்தே அவ்வாறு வீற்றிருக்கின்றாள் என்னும் பாவனையினாலேயே படிகள் அமைத்துப் பொம்மைகளை வரிசைப்படுத்துகின்றோம். அவையென்றால் ஆங்கே பேச்சு இருத்தல் வேண்டும். பேச்சற்றதும் ஓர் அவையாகுமோ? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தமைக்குக் காரணம் உண்டு.

சென்ற நவராத்திரியிலே கொழும்பில் ஓர் அன்பர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். ஏழு படிகள், பட்டு விரிப்பு, கண்ணைப் பறிக்கும் மின்விளக்குகள். ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன், யானையின் காலை முதலை பற்றியிருக்கும் பொம்மையைச் சுட்டி, "அம்மா, ஏன் முதலை ஆனையைக் கடிக்குது?" என்று கேட்டான். "தொடாதை, உடைஞ்சு போகும். சென்னையிலிருந்து கொண்டுவந்தது" என்பதே அவன் பெற்ற விடை. பொம்மையின் ஊர் சொல்லப்பட்டது, கதை சொல்லப்படவில்லை.

அவனை அருகழைத்துக் கசேந்திரன் வரலாற்றை யான் கூறினேன். நெடுங்காலம் போராடி ஓய்ந்த யானை, தாமரை மலரைத் துதிக்கையில் உயர்த்தி 'ஆதிமூலமே' என அழைத்ததையும், திருமால் கருடன்மீது விரைந்து வந்ததையும் இமையாது கேட்டான். "பிறகு முதலைக்கு என்ன நடந்தது?" என்றான். அதுவும் சாபம் நீங்கிக் கந்தருவனாயிற்று என்றதும் அவன் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த படியைச் சுட்டி, "இவர் ஆர்?" என்றான். அன்றுதான் அவ்வீட்டுக் கொலு வாய்திறந்தது.

கொலு ஒரு பள்ளிக்கூடம். கீழ்ப்படியிலே செடிகொடிகள், மேலே ஊர்வன, பறவை, விலங்கு, பின்னர் மனிதர், ஞானியர், தேவர் என வைப்பது பலரும் கைக்கொள்ளும் முறை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியலைச் சிறுவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த கரும்பலகை உண்டோ?

"கொலு யாழ்ப்பாணத்து வழக்கன்று, கும்பம் வைத்தலே நம் மரபு, ஆதலின் இதனை விடுத்தல் வேண்டும்" என்பாரும் உளர். நம்மூர்களிலே கும்பமும், நவதானிய முளையும், குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையுமே நவராத்திரிக்குப் போதியனவாக இருந்தமை மெய்யே. ஆயினும், நல்லதொன்று தமிழகத்திலிருந்து வந்தமையால் மட்டும் தள்ளத்தக்கதாகாது. கும்பம் வைத்த வீட்டிலே பிள்ளைகள் பத்துப் பாடல்களையேனும் மனனஞ் செய்தார்கள். கொலு வைக்கும் வீட்டிலே அவர்கள் கற்பது யாது? அதுவே என் வினா.

பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, உலர்த்தி, சுட்டு, வண்ணந் தீட்டும் கைவினைஞர், யானையின் துதிக்கையிலே ஒரு தாமரையை வைக்கின்றார் என்றால், கதை அறிந்தே வைக்கின்றார். அத்தாமரையை நோக்காது "வடிவாயிருக்கிறது" என்று மட்டும் கூறிச் சுண்டலை உண்டு செல்வது அவர்தம் உழைப்பை மதிப்பதாகாது.

நுண்ணிய நூலறிவு இல்லாதவனுடைய அழகை மண்ணாற் செய்து புனைந்த பாவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கலைமகளுக்கு எடுக்கும் விழாவிலே, படிநிறையப் பாவைகளை வைத்துவிட்டு, நம் பிள்ளைகளையும் பாவைகளாக நிறுத்துதல் தகுமோ?

பெற்றோர்க்கு யான் கூற விரும்புவது இதுவே. ஏழு படிகள் வேண்டா, மூன்று போதும். இரவுக்கொரு பொம்மையை எடுத்து அதன் கதையைச் சொல்லுங்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ வீட்டிலிருந்தால் அவர்களைச் சொல்லச் செய்யுங்கள். பிள்ளையின் கைக்கெட்டும் படியிலே, அவன் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு மண்பொம்மையை வையுங்கள். உடைந்தால் வேறொன்று வாங்கலாம். கேள்வி கேட்கும் ஆர்வம் உடைந்தால் அதனை எந்தக் கடையிலே வாங்குவது?

விசயதசமியன்று காலையிலே பிள்ளைக்கு ஏடு தொடக்குகின்றோம். இரவிலே ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவுசெய்கின்றோம். அது உறங்குமுன் ஒரு கதையேனும் பேசியிருத்தல் வேண்டும்.