ஸலாலா போகும் தம்பிமாருக்கு

எங்களிடம் படித்த பிள்ளைகள் பெருநாள் லீவுக்கு துபாயிலிருந்து காரிலேயே ஸலாலா போய்ப் படம் போடுகிறார்கள். நாங்களும் லைக் போடுகிறோம், சந்தோஷம்தான். ஆனால் பெட்ரோலுக்கும் ரூமுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் ஓமான் இன்சூரன்ஸை மறப்பது சரியில்லை. அமீரகத்து இன்சூரன்ஸ் எல்லையைத் தாண்டினால் தானாகச் செல்லுபடியாகாது. ஓமானுக்கும் சேர்த்து எடுத்த ஆரஞ்சு கார்ட் கையில் இருக்கவேண்டும். கூட்டாளியின் கார் என்றால், முல்கியாவில் பெயருள்ளவரின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

ஓர் உயிர் போய்விட்டால் இரத்தப் பணத்தை யார் கட்டுவது? ஊரில் வாப்பாவின் வளவு விலைக்குப் போகும், பிறகு பள்ளிவாசலில் வசூல்.

ஆதம் தாண்டினால் ரோட்டில் ஒட்டகம் ஏறும், ராவில் ஓட வேண்டாம்.

இந்த முறை குரூப்பில் முதலில் கார்டைக் காட்டுங்கள் தம்பிமாரே, ஸலாலா மழையைப் பிறகு பார்ப்போம்.