கண்ட இடத்தைக் குறித்து வைத்தல்

நுண்ணோக்கியில் ஒரு பொருளைக் கண்டறிவது ஒரு திறமை. கண்ட இடத்தைப் பிறரும் காணுமாறு குறித்து வைப்பது மற்றொரு திறமை. பயிற்சியில் முன்னதற்குத் தரப்படும் இடம் பின்னதற்கும் தரப்பட வேண்டும்.

இதற்கு மலேரியாப் பணியே தக்க சான்று. கசௌலியில் 1909-இல் தோன்றிய மத்திய மலேரியா அலுவலகத்தின் வழிவந்தது தில்லியிலிருந்த இந்திய மலேரியா நிலையம். அது 1963-இல் தேசியத் தொற்றுநோய் நிலையமாகவும், 2009-இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமாகவும் மாறியது. பெயர்கள் மாறினும் இரத்தப் பூச்சைப் பார்ப்பவரின் தொல்லை மாறவில்லை. நூறு பார்வைப் புலங்களைத் தேடி ஒரே ஒரு கிருமியைக் கண்டவர், ஸ்லைடைச் சற்றே நகர்த்தினால் அதை இழந்துவிடுவார். மேற்பார்வையாளர் கேட்கும்போது மீண்டும் தேட வேண்டியதுதான்.

இக்குறையை நீக்கப் பழங்காலத்தில் இரு துணைக்கருவிகள் தோன்றின. ஒன்று வைரமுனைக் குறிப்பான். பொருள்வில்லை இருக்குமிடத்தில் இதைத் திருகிப் பொருத்தி, மெல்ல இறக்கிச் சுழற்றினால், மையத்தினின்று சிறிது விலகி நிற்கும் வைரமுனை, பொருளைச் சுற்றி மூடுகண்ணாடியின்மீது சிறு வட்டம் கீறும். மற்றொன்று, தாமஸ் மால்ட்வுட் என்னும் ஆங்கிலேயர் 1858-இல் விவரித்த இடங்காட்டி. ஓர் அங்குலச் சதுரத்தில் 2,500 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரு எண்கள். மேடையின் தடுப்பையொட்டி ஸ்லைடு இருந்த இடத்திலேயே இதை வைத்தால், தெரியும் எண்களே பொருளின் முகவரி.

இவற்றுக்கும் வரம்புண்டு. மூடுகண்ணாடி இல்லாத இரத்தப் பூச்சில் வைரமுனை பட்டால் பூச்சே கெடும். அங்கே மேடை அளவுகோல்களின் இரு அளவுகளையும் நுண்ணோக்கியின் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு கருவியின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மூடுகண்ணாடி உள்ள ஸ்லைடுக்கு, ஒளி விழும் இடத்தைச் சுற்றி நான்கு மைப்புள்ளிகளே போதும்.

கைப்பேசியில் படமெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். படம் முதலில் பார்த்தவர் தேர்ந்த ஒரு தளத்தை மட்டுமே காட்டும். குவியத்தை ஏற்றியிறக்கி, அண்டைச் செல்களையும் பார்த்து ஐயம் தீர்க்க ஸ்லைடே வேண்டும்.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் குறிக்கோள். நோய் அருகும்போது கிருமியுள்ள ஸ்லைடும் அரிதாகும். ஒரு தவறான முடிவு நோயாளியின் சிகிச்சையையும் ஊரின் கணக்கையும் ஒருங்கே கெடுக்கும். ஆதலின் களப்பணியாளரின் பதிவேட்டில் ‘கண்ட இடம்’ என ஒரு பத்தி சேர்க்கப்படுதல் நன்று. பள்ளி அலமாரியில் கிடக்கும் பழைய பித்தளைக் குறிப்பானையும் ஆசிரியர்கள் பயனற்றதென ஒதுக்காது, மாணவர் கையில் தருவார்களாக.